தூக்கியவனை இறக்கி வைத்த கை

லூக் குகைக்குள் இறங்கும் அந்தக் காட்சியை இதுவரை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். இன்னும் உள்ளங்கை வியர்க்கிறது. சதுப்புநிலம், பாசி, வேர்கள் பின்னிக் கிடக்கும் ஒரு மரம், அதன் அடியில் இருட்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறான் பையன். நீ எதைக் கொண்டுபோகிறாயோ அதுதான் இருக்கும் என்கிறார் யோடா. ஆயுதம் தேவைப்படாது என்றும் சொல்கிறார். பையன் கேட்கவில்லை, இடுப்பில் கட்டிக்கொண்டே இறங்குகிறான். எதிரே கறுப்புக் கவசத்தில் டார்த் வேடர். முதலில் ஒளிவாளை ஏற்றுவது யார் என்று கவனித்துப் பாருங்கள். லூக்தான். ஒரே வீச்சில் தலை உருள்கிறது, முகமூடி வெடித்துச் சிதறுகிறது. உள்ளே இருப்பது லூக்கின் முகம்.

'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் 1980-ல் வந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படம் அது. கதை ஜார்ஜ் லூகாஸ், இயக்கம் இர்வின் கெர்ஷ்னர். சென்னையில் கல்லூரி விடுதியில், நண்பனுடைய கம்ப்யூட்டரில் முதல் தடவை பார்த்தேன். மற்றவர்கள் விண்கலச் சண்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு யோடா என்ற அந்தக் குட்டிப் பச்சைக் கிழவரை விட்டு நகர முடியவில்லை. அன்று இரவு முழுக்கப் படுக்கையில் புரண்டேன். இந்தக் கதையை எனக்கு யாரோ முன்பே சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. விடியற்காலையில்தான் பிடிபட்டது. சொன்னவர் என் தாத்தா. எங்கள் வீட்டுத் திண்ணையில், பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட்டு.

எங்கள் ஊர் மேல்சித்தாமூருக்குப் பக்கம். செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் ஏறிப் பார்த்துவிட்டுத் திண்டிவனம் பஸ் பிடித்துப் போய்விடுகிறார்கள். நடுவில் சாலையை விட்டு உள்ளே தள்ளி எங்கள் மடம் இருப்பது பலருக்குத் தெரியாது. ஜினகாஞ்சி ஜைன மடம். தமிழ்நாட்டில் நயினார் எனப்படும் ஜைனக் குடும்பங்களுக்கெல்லாம் அதுதான் குருபீடம். அங்கே பட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் லட்சுமிசேன பட்டாரகர் என்றே பெயர். பார்சுவநாதர் கோயிலின் ராஜகோபுரம் வயல்வெளியில் வெகுதூரத்திலிருந்தே தெரியும். கோயில் முன்னால் மானஸ்தம்பம் நிற்கிறது. மானம் என்றால் இங்கே செருக்கு. அந்தத் தூணைப் பார்த்ததும் செருக்கு விழ வேண்டும், பிறகுதான் உள்ளே போக வேண்டும் என்று தாத்தா சொல்வார். நாங்கள் வயல்காரர்கள். மல்லாட்டை, நெல், கொஞ்சம் கரும்பு. தாத்தாவும் ஏர் பிடித்தவர்தான். ஆனால் சிந்தாமணி முழுக்க அவருக்குக் கதையாகத் தெரியும். 'சீவகன்' என்று ஒரு தடவைகூடச் சொல்லமாட்டார். 'சீவகசாமி' என்றுதான் சொல்வார்.

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியை மணநூல் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். எட்டுக் கல்யாணம் நினைவிருக்கும். அதன் தொடக்கம் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அமைச்சன் கட்டியங்காரன் மன்னன் சச்சந்தனைக் கொன்று நாட்டைப் பிடிக்கிறான். நிறைமாதக் கர்ப்பிணியான அரசி விசயை மயில் வடிவப் பறக்கும் பொறியில் தப்பி, சுடுகாட்டில் இறங்கிப் பிள்ளை பெறுகிறாள். அந்தப் பிள்ளை தன் பிறப்பே தெரியாமல் கந்துக்கடன் என்ற வணிகர் வீட்டில் வளர்கிறான். தந்தை யாரென்று அறியாமல் வேறொரு வீட்டில் வளரும் பிள்ளை, பறக்கும் வாகனம், அரியணையில் ஒரு கொடியவன். என் கண்ணுக்கு லூக் அப்படியே சீவகசாமிதான்!

அதைவிட என்னைத் தூக்கிவாரிப் போட்டது குரு வருகிற விதம். யோடா முதன்முதலில் என்ன செய்கிறார்? குரு என்று சொல்லிக்கொள்வதே இல்லை. பையனின் சாப்பாட்டுப் பெட்டியைக் குடைந்து, எடுத்துக் கடித்து, துப்பி, விளக்கைப் பறித்துக்கொண்டு ஓடுகிறார். பையனுக்குக் கோபம் பொங்குகிறது. எவ்வளவு பொங்குகிறது என்று பார்ப்பதற்குத்தான் அத்தனை கூத்தும். சிந்தாமணியில் அச்சணந்தி ஆசிரியரும் பசியோடுதான் வருகிறார். எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ என்னும் நோய் அவருக்கு. குழந்தை சீவகசாமி தன் கையால் தந்த ஒரு கவளத்தில் அந்த நோய் தீர்கிறது. அந்த நன்றிக்குத்தான் அவர் தங்கிக் கல்வி கற்றுத் தருகிறார். எங்கோ இங்கிலாந்து ஸ்டுடியோவில் சதுப்புநிலத்தை செட் போட்டு எடுத்த படத்திலும் எங்கள் திண்ணைக் கதையிலும் குரு பசித்த வயிற்றோடு வந்து நிற்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

யோடா ரப்பர் பொம்மை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒப்பனைக் கலைஞர் ஸ்டூவர்ட் ஃப்ரீபோர்ன் தன் முகத்தையும் ஐன்ஸ்டைன் முகத்தையும் கலந்து செதுக்கினாராம். உள்ளே கைவிட்டு ஆட்டியவர், குரல் கொடுத்தவர் ஃப்ராங்க் ஆஸ். அந்தக் காது ஒரு விரல்கடை தாழ்கிறது, நமக்குத் தொண்டை அடைக்கிறது. சேற்றில் மூழ்கிய விண்கலத்தைக் கிழவர் கண்மூடி எழுப்பிக் கரையில் வைக்கிறார். நம்ப முடியவில்லை என்கிறான் லூக். அதனால்தான் உன்னால் முடியவில்லை என்கிறார். பின்னணியில் ஜான் வில்லியம்ஸின் இசை. இந்த ஒரு காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். பார்க்காதவர்கள் 1977, 1980, 1983 என்று வந்த வரிசையிலேயே பாருங்கள். மற்றவற்றைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மற்றவற்றிலும் ஒரு பொக்கிஷம் இருக்கிறது. 1999-ல் வந்த 'தி ஃபேன்டம் மெனஸ்' படத்தில் சிறுவன் அனக்கின், பெரியவர்கள் சபையில் நிற்கிறான். அம்மாவை விட்டுவந்த பிள்ளை. பயமில்லை என்று வீம்பாகச் சொல்கிறான். பயம் கோபத்துக்கும், கோபம் வெறுப்புக்கும், வெறுப்பு துன்பத்துக்கும் கொண்டுபோய்விடும் என்கிறார் யோடா. அந்தப் பிள்ளைதான் வளர்ந்து டார்த் வேடர் ஆகிறான். இதைப் பார்த்தபோது எனக்குக் கஷாயங்கள் நினைவுக்கு வந்தன.

ஜைனத்தில் கஷாயம் என்றால் உயிரின்மேல் பிசின்போலப் படிவது. ஈரத்துணியில் தூசி ஒட்டுகிற மாதிரி வினை வந்து ஒட்டிக்கொள்ள இடம் கொடுப்பது. நான்கு கஷாயங்கள்: குரோதம், மானம், மாயை, லோபம். கோபம் முதல் இடத்தில். இவற்றுக்குப் பக்கத்திலேயே ஒன்பது சிறு கஷாயங்கள் உண்டு, அவற்றில் ஒன்று பயம். பயத்தையும் கோபத்தையும் ஒரே மோகனீய வினையின் பிள்ளைகளாக வைத்திருக்கிறார்கள். சிறுவயதில் இது வெறும் மனப்பாடம். கோபத்தில் நான்கு தரம் உண்டு என்பதும் மனப்பாடம்: பாறையில் பிளவு, நிலத்தில் வெடிப்பு, மணலில் கோடு, தண்ணீரில் கோடு. மூதுரையில் அவ்வையும் கல் பிளவையும் தண்ணீரில் அம்பு கிழித்த தடத்தையும் சொல்லியிருக்கிறார். செஞ்சிக்காரனுக்கு முதல் உவமைக்கு விளக்கம் வேண்டாம். எங்கள் குன்றுகளே உருட்டி அடுக்கிவைத்த பாறைகள்தான். பிளந்த பாறை எதுவும் எங்கள் ஊரில் சேர்ந்ததில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். அப்பா இறந்து மூன்றாவது வருஷம். எனக்கும் அண்ணனுக்கும் பொதுக் கிணறு, மூன்று நாள் அவருக்கு, மூன்று நாள் எனக்கு. அந்த வருஷம் என் முறையில் எப்போதும் தண்ணீர் பற்றவில்லை. மல்லாட்டையில் விழுது இறங்குகிற நேரம். அப்போது மண் காய்ந்தால் காய் பிடிக்காது. ராத்திரி பதினோரு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. என் முறை, மோட்டாரைப் போட்டது நானில்லை. டார்ச்சையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அண்ணன் மடையில் நின்று தன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இன்னிக்கு என் மொறை."

"நேத்து எனக்குக் கரண்டே வரலடா. எங்க போவேன் நான்?"

"அதுக்கு என் வயித்துல அடிப்பியா?"

"பேசாத. இந்தக் கெணறு வெட்டும்போது நீ பொறக்கவே இல்ல."

மண்வெட்டி என் தலைக்குமேல் போய்விட்டது. நான் ஓங்கினேன் என்று சொல்லக்கூட முடியாது, அது போயிருந்தது. இடது கையில் டார்ச். அதன் வெளிச்சம் அண்ணன் முகத்தில் அடித்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அப்பாவின் முகம். அதே நெற்றி, அதே மூக்கு, பயத்தில் பிதுங்கிய கண்கள். என்னைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது. முகமூடி வெடித்து உள்ளே தன் முகத்தையே பார்த்த அந்தப் பையனாக நான் அங்கே நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் நினைவுக்கு வந்தது அந்தச் சினிமாக் காட்சிதான். மண்வெட்டியை வரப்பில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். கால் நடுங்கியது. விடியும்வரை நடுங்கியது.

மறுநாள் மேல்சித்தாமூருக்குப் போனேன். பெரிய கோயிலுக்குப் போகாமல் மலைநாதர் கோயிலுக்குப் போனேன். ஒரு பெரும் பாறையைச் சுற்றி எழுந்த கோயில் அது. பாறையிலேயே புடைப்புச் சிற்பங்கள்: பாகுபலி, பார்சுவநாதர், ஆதிநாதர், மகாவீரர், அம்பிகா யட்சி. ஆயிரம் வருஷத்துக்கு மேலான வேலைப்பாடு. சின்ன வயசிலிருந்து கும்பிட்டுவந்த பாறை. அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது: பாகுபலியும் பார்சுவநாதரும் ஒரே கல்லில் இருக்கிறார்கள், இருவர் கதையும் அண்ணன் தம்பிச் சண்டை.

பார்சுவநாதரின் முற்பிறவியில் அவர் பெயர் மருபூதி. அண்ணன் பெயர் கமடன். தவறு செய்து ஊரை விட்டு விரட்டப்பட்ட கமடன், ஒரு பாறையைத் தூக்கிப் பிடித்தபடி தவம் செய்கிறான். அவனிடம் மன்னிப்புக் கேட்டு ஆறுதல் சொல்ல வருகிறார் தம்பி. காலில் விழுந்து வணங்கிய தம்பியின் தலையில் அண்ணன் அந்தப் பாறையைப் போட்டுக் கொன்றுவிடுகிறான். அந்தப் பகை பிறவி பிறவியாகத் தொடர்கிறது. கடைசிப் பிறவியில் தவத்தில் நிற்கும் பார்சுவநாதர்மேல் அவன் பெருமழையையும் கற்களையும் பொழிகிறான். நாகராஜனான தரணேந்திரன் படமெடுத்துக் குடை பிடிக்கிறான். பார்சுவநாதர் அடிக்கிறவன்மேல் சினமும் கொள்ளவில்லை, காப்பாற்றுகிறவன்மேல் பற்றும் கொள்ளவில்லை. சிற்பத்தில் பாம்புப் படத்தின் கீழே அவர் முகத்தை நிதானமாகப் பாருங்கள். சுற்றிலும் என்ன நடந்தாலும் அந்த உதடு அசையவில்லை.

பாகுபலி கதையில் தம்பி பலசாலி. அண்ணன் பரதன் உலகையெல்லாம் வென்றுவிட்டு வருகிறான், தம்பி மட்டும் பணியவில்லை. படைகள் சாக வேண்டாம், நீங்கள் இருவரே மோதுங்கள் என்கிறார்கள் அமைச்சர்கள். கண்ணிமைக்காமல் பார்க்கும் போர், நீர்ப் போர், மற்போர். மூன்றிலும் பாகுபலிக்கே வெற்றி. மற்போரில் அண்ணனை அப்படியே தலைக்குமேல் தூக்கிவிட்டார். தரையில் அறைந்தால் முடிந்தது. அறையவில்லை, இறக்கி வைத்தார். தோற்ற ஆத்திரத்தில் பரதன் ஏவிய சக்கரமும் தம்பியை ஒன்றும் செய்யவில்லை. ஒரு மண்ணுக்காகவா இத்தனையும் என்று வென்ற நாட்டை அங்கேயே விட்டுவிட்டுக் காட்டுக்குப் போனார் பாகுபலி.

தூக்கிய பாறையைத் தலையில் போட்ட அண்ணனும், தூக்கிய அண்ணனை இறக்கி வைத்த தம்பியும் ஒரே பாறையில். எந்தச் சிற்பி, எதை நினைத்துச் செதுக்கினாரோ. முந்தைய ராத்திரி மண்வெட்டி ஓங்கிய எனக்காகவே செதுக்கி வைத்ததுபோல இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அப்போதுதான் அச்சணந்தி கேட்ட தட்சிணை ஞாபகம் வந்தது. கல்வி முடிந்த பிறகு அவர் சீவகசாமியிடம் சச்சந்தன் கதையை வேறு யாருடைய கதையோ போலச் சொல்கிறார். முடிவில், அந்தப் பிள்ளை நீதான் என்கிறார். பையனுக்கு மயக்கமே வந்துவிடுகிறது. தெளிந்ததும் கட்டியங்காரனை இப்போதே கொல்வேன் என்று கொதித்து எழுகிறான். ஆசிரியர் கோபப்படாதே என்று சொல்லவில்லை. பகையை மறந்துவிடு என்றும் சொல்லவில்லை. ஒரு வருஷம் பொறு, அதுதான் எனக்கு நீ தரும் குருதட்சிணை என்கிறார். இதைவிடப் பெரிய பாடத்தை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. சொல்லப்போனால், இந்த ஒரு விஷயத்தில் அச்சணந்தி, லூக்கின் முதல் குருவான ஓபி-வானையும் யோடாவையும்விட உயர்ந்த குரு. டார்த் வேடர்தான் லூக்கின் தந்தை என்ற உண்மையை அவர்கள் மறைத்து வைத்தார்கள். பயிற்சி முடியட்டும் என்று சொன்னதைக் கேட்காமல் ஓடிய லூக், எதிரியின் வாயிலிருந்தே அதைக் கேட்டான், ஒரு கையையும் இழந்தான். அச்சணந்தி உண்மையை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் பொறுமையைக் கேட்டார்.

அந்த வருஷத்துக்குள்ளேயே சோதனை வருகிறது. மதயானையை அடக்கிக் குணமாலை என்ற பெண்ணைக் காப்பாற்றிய குற்றத்துக்காகச் சீவகசாமியைக் கட்டிக் கொண்டுவரச் சொல்கிறான் கட்டியங்காரன். ஒரு உதறு உதறினால் எல்லோரும் சிதறிவிடுவார்கள். ஆனால் வருஷம் முடியவில்லையே! கொலைக்களத்துக்கு இழுத்துப் போகும்போதும் குரு சொல்லை நினைத்துக் கையை அடக்கிக்கொண்டு நிற்கிறார். முன்பு ஒரு நாள், அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்த நாயின் காதில் அவர் மந்திரம் ஓதியிருந்தார். அந்த நாய் சுதஞ்சணன் என்ற தேவனாகப் பிறந்து, வந்து அவரைத் தூக்கிப் போகிறது. இந்த இடத்தில் தாத்தா எப்போதும் நிறுத்திவிடுவார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

நானும் எனக்கு ஒரு வருஷம் விதித்துக்கொண்டேன். கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. வக்கீலைப் பார்ப்பதில்லை. முறை போனால் போகட்டும். முதல் இரண்டு மாதம் நரகம். ஊரில் ஆளுக்கொரு தூபம் போட்டார்கள். ராத்திரி மோட்டார் சத்தம் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு தடதடக்கும். அந்தத் தடதடப்பை உற்றுக் கவனிக்கக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பெயர் கோபம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கவனிக்கக் கவனிக்க அடியில் இருந்தது தெரிந்தது. அத்தனையும் பயம். அப்பா போய்விட்டார், அண்ணனும் என்னைத் தள்ளிவிடுவார், நிலம் காய்ந்துவிடும், பிள்ளைகளோடு நடுத்தெருவில் நிற்பேன். அந்தக் குட்டி அனக்கின் மாதிரி, பயமில்லை பயமில்லை என்றபடிதான் நான் மண்வெட்டியைத் தூக்கியிருக்கிறேன்.

அந்த மாதங்களில் சில காலை வேளைகளில் செஞ்சிக்குப் பக்கத்திலுள்ள திருநாதர்குன்றில் போய் உட்கார்வேன். பாறை முகப்பில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அங்கே தமிழ் எழுத்து வட்டெழுத்தாக வளைந்துவரும் காலத்துச் சிறிய கல்வெட்டு ஒன்று. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட இடம் என்கிறது அது. ஐம்பத்தேழு விடியல்! சாவு வருவதை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டே இருந்த மனிதர் உட்கார்ந்த பாறையில், நான் ஆறு மணி நேரத் தண்ணீருக்காக நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் குறைந்தது.

வருஷம் முடிந்த வாரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி காபி கொடுத்தார். பேச ஆரம்பித்த அரை மணி நேரத்தில் விஷயம் விளங்கிவிட்டது. நாள் கணக்கில் முறை வைத்தது அப்பா காலத்தில். அப்போது கரண்ட் இருந்த நேரம் வேறு. இப்போது மும்முனை ஒரு வாரம் பகலில், ஒரு வாரம் ராத்திரியில், நடுவில் வெட்டு. அதனால் சில வாரம் என் மூன்று நாளுக்குக் குறைந்தது, சில வாரம் அவருடைய மூன்று நாளுக்கு. அவரும் ஒரு வருஷமாக நான் திருடுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். நாள் கணக்கை விட்டுவிட்டு மோட்டார் ஓடும் மணிக் கணக்கில் பிரித்துக்கொண்டோம். ஒரு நோட்டு, ஒரு பேனா, மோட்டார் கொட்டகையில் கயிற்றில் தொங்குகிறது.

அன்று ராத்திரியே அவரை வீட்டுக்கு அழைத்து மூன்று படத்தையும் போட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கு வெறி. அவர் சினிமாவே பார்க்காதவர், அதிலும் இங்கிலீஷ் படம். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி கதை சொன்னேன். 1983-ல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை'யின் கடைசிப் பகுதி. தங்கையைப் பற்றி வேடர் பேசியதும் லூக் அலறிக்கொண்டு பாய்கிறான். வெட்டு வெட்டென்று வெட்டித் தந்தையின் கையைத் துண்டித்துவிடுகிறான். விழுந்து கிடக்கும் தந்தையின் அறுபட்ட இயந்திரக் கை. பையன் கறுப்பு உறை போட்ட தன் இயந்திரக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். பேரரசன் சிரித்துக்கொண்டே, உன் தந்தையின் இடத்துக்கு வா என்கிறான். ஒளிவாள் அணைகிறது. அதைத் தூரப் போட்டுவிட்டு வெறுங்கையோடு நிற்கிறான்.

அண்ணன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்க்காமல் டிவியையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"டேய், அந்த எடத்த இன்னொரு தடவ போடு."